நியாசினமைடு 500 மாத்திரை: கண் நரம்புக்காக வாங்குபவர்களுக்கு ஒரு மருந்தாளுநரின் மதிப்பீடு

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் நியாசினமைடு. விலை 600 ரூபாயை ஒட்டி. ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மருந்தை ஐந்தாறு கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, இருக்கிறவர்கள் இப்போது இதைத் தேடி வாங்குகிறார்கள். "நரம்பைக் காக்கும் வைட்டமின்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்த மதிப்பீடு.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள், திருச்சி. எனக்கு இரண்டு கண்ணிலும் குளுக்கோமா, வலது கண்ணில் அதிகம். என் அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவுக்குக் கண்டுபிடித்தபோது ஒரு கண் முழுக்கப் போய்விட்டிருந்தது. தம்பிக்குப் போன வருடம் தெரிந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதனால் இந்த மருந்தை ஒரு வாடிக்கையாளராக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

முதலில், இந்த மாத்திரை எதைக் காப்பதாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். விழித்திரையின் உள்பக்கத்தில் நரம்பணுக்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. ஒரு கண்ணுக்குச் சுமார் 10 முதல் 12 லட்சம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய இழை கிளம்பி, எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து, கண்ணின் பின்சுவரில் சல்லடை போன்ற ஓர் இடத்தின் வழியாக வெளியேறி மூளைக்குப் போகிறது. அந்தக் கட்டுதான் பார்வை நரம்பு. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடும்போது முதலில் நசுங்குவது அந்தச் சல்லடை. மூளையிலிருந்து நரம்பணுவுக்கு ஊட்டப் புரதங்கள் அந்த இழை வழியாகத்தான் பின்னோக்கி வரவேண்டும். நடுவில் மடை அடைத்தால் கடைமடை வயல் காய்கிற மாதிரி, அணுவின் உடல் பட்டினியில் காய்கிறது.

அதோடு முடிவதில்லை. பட்டினி கிடக்கும் நரம்பணுவைச் சுற்றி மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அவை வெளியிடும் டிஎன்எஃப், இன்டர்லூகின் 1 ஆல்ஃபா, சி1க்யூ என்ற மூன்று பொருள்களும் சேர்ந்து பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் குணத்தையே மாற்றிவிடுகின்றன. அதுவரை நரம்புக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் நரம்பைக் கொல்ல ஆரம்பிக்கின்றன. இதை 2017இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸ் என்பவரின் ஆய்வுக்கூடம் காட்டியது. அந்த மூன்று பொருள்களும் இல்லாதபடி வளர்த்த எலிகளில், கண் அழுத்தத்தை ஏற்றினாலும் நரம்பணுக்கள் பெருமளவு பிழைத்தன என்று பிறகு தெரிந்தது. அழுத்தம் தொடங்கிவைப்பதை அழற்சி, அதாவது இந்தக் காவல் செல்களின் கிளர்ச்சி, தொடர்ந்து நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. கண் பிரஷர் குறைந்த பிறகும் சிலருக்குப் பார்வை தேய்ந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கவுண்டரில் நின்ற அத்தனை வருடங்களும் சொல்லச் சொல்கின்றன. "அழற்சி" என்று படித்துவிட்டு, கண் சிவப்புக்கு விற்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றிக்கொள்ளாதீர்கள். இந்த அழற்சி கண்ணின் ஆழத்தில், நரம்புத் திசுவுக்குள் நடப்பது. கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. ஸ்டீராய்டு சொட்டு அதற்கு மருந்தில்லை. அது பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஸ்டீராய்டாலேயே குளுக்கோமா வந்தவர்கள் நம் ஊரில் நிறைய.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். நியாசினமைடு என்பது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். நிக்கோட்டினமைடு என்றாலும் இதுதான். சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடலில் இது என்ஏடி என்ற மூலக்கூறாக மாறுகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்க அது வேண்டும். வயதாக ஆக என்ஏடி குறைகிறது. விழித்திரை நரம்பணுவோ ஓயாமல் சக்தி கேட்கிற செல். 2017இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், தானாகவே குளுக்கோமா வருகிற எலி இனத்துக்குக் குடிதண்ணீரில் நிக்கோட்டினமைடு கலந்து கொடுத்தார்கள். மிக அதிக அளவு கொடுத்தபோது 93 சதவீதக் கண்களில் பார்வை நரம்புக்குச் சேதமே இல்லை. இந்த எண்ணைத்தான் விளம்பரங்களில் பார்க்கிறீர்கள். எலி என்ற சொல்லை மட்டும் அங்கே காணோம்.

மனிதர்களிடம் செய்ததையும் சொல்கிறேன். மெல்போர்னில் 57 நோயாளிகள். 6 வாரம் தினம் 1.5 கிராம், அடுத்த 6 வாரம் 3 கிராம், பிறகு மருந்தில்லாத போலி மாத்திரையோடு இடமாற்றம். முடிவு 2020இல் வெளியானது. விழித்திரையின் உள்ளடுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று மின்சமிக்ஞையால் அளந்தார்கள். மருந்து எடுத்தபோது 23 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம், போலி மாத்திரையில் 9 சதவீதம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிக்கோட்டினமைடோடு, செல்லின் சக்திக்கு உதவும் பைருவேட் என்ற பொருளையும் சேர்த்து 32 பேரிடம் பார்த்தார்கள். அங்கேயும் ஃபீல்டு டெஸ்டில், அதாவது பார்வைப் புலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையில், சில புள்ளிகள் தேறின. ஆனால் கவனியுங்கள்: ஒன்று 12 வாரம், இன்னொன்று இரண்டு மாதம் சொச்சம். குளுக்கோமா 20, 30 வருடம் நம்மோடு வாழ்கிற நோய். அதனால்தான் ஸ்வீடனில் 660 நோயாளிகளை வைத்து இரண்டு வருட ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மாதிரிப் பெரிய ஆய்வின் முடிவை வைத்துத்தான் இதை மருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு முன் யார் "நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னாலும் நம்பவேண்டாம்.

நான் ஏன் வாங்கினேன் என்றால், என் வலது கண்ணின் பிரஷர் 14, 15இல் கட்டுக்குள் இருந்தும் ஃபீல்டு டெஸ்டில் கொஞ்சம் இறங்கியது. டாக்டரிடம் நானே கேட்டேன். "அம்மா, நீங்க பார்மசிஸ்ட், உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. கெடுதல் இல்லாம பாத்துக்கலாம், பலன் உண்டுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. எல்எஃப்டி பாத்துட்டு ஆரம்பிங்க, சொட்டு மருந்துல கை வைக்கக் கூடாது" என்றார். எல்எஃப்டி என்றால் ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. இவ்வளவு நேராகச் சொல்கிற டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

வாங்குவதில் இருக்கும் முதல் சிக்கல் கடையில்தான். முதலில் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டபோது நியாசின் 500 மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். "ரெண்டும் பி3 தான் மேடம்" என்றார் கடைப் பையன். இரண்டும் பி3தான், ஆனால் நியாசின் என்பது நிக்கோட்டினிக் அமிலம். கொழுப்பைக் குறைக்கக் கொடுத்துவந்த மருந்து. அரை கிராம் போட்டால் முகமும் கழுத்தும் தீப்பிடித்த மாதிரி சிவந்து அரிக்கும், சிலருக்குத் தலைசுற்றி ரத்த அழுத்தம் இறங்கும். கண் ஆய்வுகள் எல்லாம் நடந்தது நியாசினமைடில். அட்டையில் "அமைடு" என்று முடிகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது குறுக்குவழி, வீட்டில் இருக்கும் பி காம்ப்ளக்ஸ் கேப்சூலையே கூடுதலாக விழுங்குவது. வழக்கமான கேப்சூலில் நியாசினமைடு 100 மில்லிகிராம் இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவுக்கு தினம் 15 கேப்சூல் வேண்டும். அதோடு பி6உம் 15 மடங்கு உள்ளே போகும். பி6 நாள்கணக்கில் அதிகமானால் கை கால் நரம்பையே கெடுக்கும். கண் நரம்பைக் காக்கப்போய்க் கால் நரம்பை இழக்க வேண்டாம். சாப்பாட்டால் ஈடுகட்டுவதும் நடக்காது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி3 சுமார் 15 மில்லிகிராம்தான், வேர்க்கடலையிலும் மீனிலும் கறியிலும் அது கிடைத்துவிடும். ஆய்வில் கொடுத்தது அதைப்போல 100 மடங்கு, 200 மடங்கு. அந்த அளவில் இதைச் சத்து என்று நினைப்பது தவறு. மருந்தாகத்தான் நினைக்கவேண்டும், மருந்துக்குரிய பயத்தோடுதான் எடுக்கவேண்டும்.

என் டப்பாவின் லேபிளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் "பார்வையை மீட்டெடுக்கும்" என்ற பொருளில் ஒரு வரி. பின்பக்கம் பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல". இந்த இரண்டாவது வரி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஊட்டச்சத்துப் பொருள்களில் கட்டாயம் இருக்கவேண்டியது. அதாவது இது மருந்து உரிமத்தில் வரவில்லை, உணவு உரிமத்தில் வருகிறது. மருந்துக்கு இருக்கிற கறாரான தரச் சோதனை இதற்கு இல்லை. முன்பக்க வரியோ முழுப் பொய். இறந்த விழித்திரை நரம்பணு திரும்பாது. உலகில் எந்த மாத்திரையும், எந்தச் சொட்டும், எந்த அறுவைச் சிகிச்சையும் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. காப்பது என்றால் மீதி இருப்பதைக் காப்பதுதான். பார்வை மங்கிக் கண்ணீரோடு வருகிறவர்களிடம் "மீட்டெடுக்கும்" என்று எழுதி விற்பது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

சாப்பிட்ட அனுபவம்: மாத்திரை பெரியது, லேசான கசப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பரவாயில்லை. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று, ஆக 1.5 கிராம். 3 கிராமுக்கு நான் போகவில்லை. அந்த அளவில் ஈரல் என்சைம்கள் ஏறக்கூடும். ஈரல் நோய் உள்ளவர்கள், தினம் குடிக்கிறவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். என் எல்எஃப்டி இதுவரை சரியாக இருக்கிறது. செலவு, மாதம் 90 மாத்திரை, 900 ரூபாய்க்கு மேல், ரத்தப் பரிசோதனை தனி. என் சொட்டு மருந்துக்கு ஆகும் செலவு இதில் பாதி வராது.

பலன் தெரிந்ததா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆன்லைனில் அதே பொருளின் கீழே "ஒரு மாதத்தில் கண் பளிச்சென்று தெரிகிறது" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளுக்கோமாவில் நடப்பதை உணரவே முடியாது. ஓரப் பார்வைதான் முதலில் போகிறது, ஒரு கண் விட்டதை இன்னொரு கண் நிரப்பிக்கொள்கிறது, மூளை மீதியை ஒட்டுப்போட்டுவிடுகிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய குளுக்கோமா ஆய்வில், கிராமப்புறத்தில் திறந்தகோண குளுக்கோமா (கண்ணுக்குள் நீர் வடிகிற மூலை, அதாவது கோணம், மூடிக்கொள்ளாத வகை) இருந்தவர்களில் 98.5 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. நோய் வந்ததே தெரியாத ஒன்றில், மருந்து வேலை செய்வது மட்டும் எப்படித் தெரியும்?

தெரியவேண்டுமென்றால் இரண்டு வழி. ஓசிடி ஸ்கேனில் நரம்பிழை அடுக்கின் தடிமன், மைக்ரான் கணக்கில். அடுத்தது ஃபீல்டு டெஸ்ட்: இருட்டறையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்தபடி, ஓரத்தில் மினுக்கும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். தூக்கம் சரியில்லாத நாளில் செய்தால் ஒன்று வரும், நல்ல நாளில் செய்தால் ஒன்று வரும். ஒரு ரிசல்ட்டை வைத்து ஏறியது இறங்கியது என்று சொல்லக்கூடாது. என் வலது கண் இந்த மாத்திரை தொடங்கிய பிறகு இறங்காமல் நிற்கிறது. அதே சமயத்தில் டாக்டர் இன்னொரு சொட்டு மருந்தையும் சேர்த்து பிரஷரை 12க்குக் கொண்டுவந்தார். எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்லச் சொன்னால் சொட்டு மருந்தின் பக்கம்தான் கை காட்டுவேன்.

ஏனென்றால் அதற்கு ஆதாரம் மலைபோல இருக்கிறது. ஸ்வீடனின் மால்மோவில் 255 நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. பிரிட்டனில் 516 புது நோயாளிகளிடம் லேட்டனோபிராஸ்ட் சொட்டையும் போலிச் சொட்டையும் இரண்டு வருடம் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். பார்வைப் புலம் மோசமானவர்கள் மருந்துக் குழுவில் 15.2 சதவீதம், போலிச் சொட்டில் 25.6 சதவீதம். பட்டினியும் அழற்சியும் தொடங்குகிற இடத்திலேயே தடுக்கிற மருந்து அது. நரம்பைக் காக்கும் மருந்து எது என்று கேட்டால் இன்றைக்கு என் கையில் இருக்கும் பதில், ராத்திரி விடும் அந்த ஒரு சொட்டு.

இதைத் தம்பியிடம் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனும் இதே டப்பாவை வாங்கிவைத்துக்கொண்டு போன் செய்தான். "அக்கா, இதப் போட்டா நரம்பு திரும்ப வளருமாமே. அப்ப எதுக்கு தினம் கண்ண எரிய வுட்டுக்கிட்டு?"

"செத்தது வளராதுடா. சொட்ட நிறுத்திட்டு இத மட்டும் முழுங்கினா, அம்மாவுக்கு ஆனதுதான் நமக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கண் எரிகிறது, சிவக்கிறது, சொட்டைப் பல நாள் விட்டுவிடுகிறான். இந்த மாத்திரை சந்தையில் இவ்வளவு ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சொட்டு விடுவது தொல்லை, மாத்திரை விழுங்குவது சுலபம். அவனை டாக்டரிடம் அனுப்பி வேறு சொட்டுக்கு மாற்றச் சொன்னேன். மாற்று நிறைய இருக்கிறது. சொட்டே வேண்டாம் என்றால் லேசர் இருக்கிறது. எஸ்எல்டி என்ற லேசரை முதல் சிகிச்சையாகக் கொடுத்த பிரிட்டன் ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு மூன்று வருடம் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது, கோணம் திறந்திருக்கவேண்டும்.

சொட்டு விடுவதில் நான் எல்லாருக்கும் சொல்வது: ஒரு சொட்டு போதும், கண் அதற்குமேல் பிடிக்காது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். டைமோலால் என்ற சொட்டு விடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம், ஆஸ்துமா இருந்தால் டைமோலாலே கூடாது. இரண்டு சொட்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம். லேட்டனோபிராஸ்ட் பிரிக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும், பிரித்த பிறகு 25 டிகிரிக்குள் வைத்து 6 வாரம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? பிரித்த பிறகும் ஃபிரிட்ஜ் கதவிலேயே வையுங்கள்.

நரம்புப் பாதுகாப்பு என்று விற்கும் மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்டிகோலின் மாத்திரைக்கும் சொட்டுக்கும் இத்தாலியில் சில நம்பிக்கையான சிறு ஆய்வுகள் உண்டு, விலை கூடுதல், நான் எடுக்கவில்லை. லூட்டின் கலந்த கேப்சூல்கள் விழித்திரை மையத்தின் வேறு நோய்க்கானவை, குளுக்கோமாவுக்காக வாங்கவேண்டாம். பிரிமோனிடின் சொட்டு அழுத்தத்தையும் குறைக்கும், அதற்கு மேலும் நரம்பைக் காக்கலாம். அழுத்தம் அதிகமில்லாத குளுக்கோமாவில் டைமோலாலோடு ஒப்பிட்ட ஆய்வில் பார்வை தேய்ந்தவர்கள் பிரிமோனிடினில் 9.1 சதவீதம், டைமோலாலில் 39.2 சதவீதம். ஆனால் கண் ஒவ்வாமை போன்ற தொல்லைகளால் நடுவிலேயே நிறுத்தியவர்கள் பிரிமோனிடினில் நிறைய. மறதி நோய்க்கான மெமன்டைன் மாத்திரையை 2,000க்கு மேற்பட்ட குளுக்கோமா நோயாளிகளிடம் நான்கு வருடம் சோதித்தார்கள். அதுவும் விலங்குகளிடம் நன்றாக வேலை செய்த மருந்துதான். மனிதர்களிடம் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. நியாசினமைடைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மெமன்டைன் கதை என் நினைவில் இருக்கிறது.

ஆக, யார் வாங்கலாம்? பிரஷர் கட்டுக்குள் இருந்தும் நோய் நகர்கிறவர், ஈரல் நன்றாக இருப்பவர், சொட்டு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதவர், கண் டாக்டரின் சம்மதம் பெற்றவர், மாதம் 900 ரூபாயை வேறு மருந்தில் கைவைக்காமல் ஒதுக்க முடிகிறவர். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணத்தை ஓசிடிக்கோ, அடுத்த ஃபீல்டு டெஸ்டுக்கோ, வீட்டில் 40 தாண்டிய மற்றவர்களின் கண் அழுத்தப் பரிசோதனைக்கோ வையுங்கள். நான் அடுத்த எல்எஃப்டி வரை தொடர்கிறேன், மாத்திரைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அந்த லேபிளுக்கு மதிப்பெண் இல்லை. தம்பி தன் டப்பாவைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான். புதுச் சொட்டு எரியவில்லையாம், இரவு ஒன்பதரைக்கு அலாரம் வைத்திருக்கிறான்.